கடிவாளம் கைக்கு வர எத்தனை வருஷம்?

குதிரை உள்ளே வருகிறது. மேலே உட்கார்ந்திருப்பவர் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைக்கிறார். யாருக்கு என்று திரும்பிப் பார்த்தால், எதிரே ஒரு பெரிய ஓவியம்! அதில் இருப்பவர் பேரரசர் ஆறாம் சார்லஸ். இந்த மண்டபத்தைக் கட்டச் சொன்ன ஆசாமி. அவர் போய்ச் சேர்ந்தது 1740-ல். ஆனாலும் இன்றைக்கும் உள்ளே வருகிற ஒவ்வொருத்தரும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறார்கள்.

இடம், ஆஸ்திரியாவின் தலைநகரம் வியன்னா. ஊருக்கு நடுநாயகமாக ஹோஃப்பர்க் அரண்மனை. அதற்குள்ளே 'ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளி'. ஆஸ்திரியாவில் என்ன ஸ்பானிஷ் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் குதிரைகள் ஸ்பெயினிலிருந்து வந்தன, அதனால் அந்தப் பேர். ஆவணங்களில் இந்தப் பள்ளி முதன்முதலில் தலைகாட்டுவது 1565-ல். அதாவது நம்ம ஊர் யுனிவர்சிட்டிகளுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா!

என்னைக் கூட்டிப்போனவன் என் காலேஜ் நண்பன். வியன்னாவில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊரிலிருந்து அவன் அப்பா போன் பண்ணுவார். "எப்பப்பா முடிப்பே?" என்பதுதான் முதல் கேள்வி. 'அவன் கூடப் படிச்ச பையன் வீடே கட்டிட்டான்' என்பது அடுத்த தகவல். இப்படி நாலு வருஷமா ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே ஞாயிறு என்றால் பயலுக்கு முகம் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும்.

"வாடா, குதிரை பார்ப்போம். மனசு லேசாகும்" என்று இழுத்துப்போனேன். 'ஹெரன்காஸ்ஸ' மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். டிக்கெட் விஷயத்தில் மட்டும் ஒரு டிப்ஸ். பெரிய நிகழ்ச்சிக்கு டிக்கெட் விலை கேட்டால் தலை சுற்றும். அதற்குப் பதிலாக 'காலைப் பயிற்சி' என்று ஒன்று இருக்கிறது. காசும் கம்மி. என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிஷம் வாய் திறந்தது, மூடவில்லை. குதிரை ஓட்டும் இடம் என்று சொன்னால் நம்ப முடியாது. கல்யாண மண்டபம் என்றால் நம்பலாம்! சுற்றி 46 தூண்கள். மேலே பிரமாண்டமான சரவிளக்குகள். எல்லாமே வெள்ளை வெளேர். 1729-லிருந்து 1735 வரை ஆறு வருஷம் கட்டியிருக்கிறார்கள். வடிவமைத்தவர் ஜோசப் இமானுவல் ஃபிஷர் ஃபோன் எர்லாஹ். கீழே மட்டும் மண் தரை. குண்டூசி விழுந்தாலும் கேட்கிற அமைதி. கேமராவை வெளியே எடுத்தால் ஓடி வந்து தடுக்கிறார்கள்.

மெல்லிசா வால்ட்ஸ் இசை ஆரம்பிக்கிறது. வெள்ளைக் குதிரைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. அத்தனையும் ஆண் குதிரைகள். லிப்பிசான் என்பது இனத்தின் பேர். மேலே பழுப்பு நிறக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, முழங்காலைத் தொடும் கறுப்பு பூட்ஸ், இரண்டு முனை கொண்ட தொப்பி என்று சரித்திரப் படத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் மாதிரி ஆட்கள்.

சரி, இப்போ பறக்கும், இப்போ பாயும் என்று சீட் நுனியில் காத்திருந்தோம்.

நடந்தன.

ஆமாம், நடந்தன. சும்மா சுவரோரமா சுற்றிச் சுற்றி நடந்தன. அப்புறம் மெதுவா ஓடின. வட்டம் போட்டன. நின்றன. மறுபடி நடந்தன. கால் மணி நேரம் ஆச்சு. நண்பன் என் காதில் கிசுகிசுத்தான். "மச்சான், மெரினாவுல இதைவிட ஸ்பீடா ஓட்டுவாங்கடா. இதுக்கா காசு குடுத்தோம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே ஒரு குதிரையைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் பார்க்க ஆரம்பித்தால் கதை மாறுகிறது.

நான் பிடித்தது மூலையில் இருந்த ஒரு குதிரை. அதன் மேல் இருந்தவர் ஏதோ செய்யச் சொல்கிறார். என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று மேலே இருக்கிற நமக்குத் தெரியாது. கை அசையவில்லை, கால் அசையவில்லை. ஆனால் குதிரைக்குக் கேட்டுவிட்டது. இருந்த இடத்திலேயே ஓட ஆரம்பித்தது! முன்னால் நகராமல், நின்ற இடத்தில் கால் மாற்றி மாற்றி ஓடுவது. இதற்குப் பேர் பியாஃப். நாலைந்து அடி நன்றாக வந்தது. ஆறாவதில் தாளம் தப்பி, பின்பக்கம் ஒரு ஓரமாக விலகியது.

சாட்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் குதிரையை முன்னால் நடக்க விட்டார். ஒரு சுற்று சுற்றினார். திரும்ப அதே இடம். இந்தமுறை நாலே அடி. சுத்தமாக நாலு. அவ்வளவுதான், உடனே நிறுத்தினார். கடிவாளத்தைத் தளர்த்தி, கழுத்தில் தட்டிக்கொடுத்தார். கோட்டின் வால் பக்கத்திலிருந்து எதையோ எடுத்தார். சர்க்கரைக் கட்டி! இவர்கள் கோட்டில் சர்க்கரைக்கென்றே ஒரு ரகசியப் பை தைத்திருக்கிறார்கள். குதிரை கழுத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

பியாஃபை அவர் திரும்ப முயற்சி பண்ணவே இல்லை. இன்றைய கணக்கு நாலு அடி. வந்துவிட்டது. முடிந்தது.

எனக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது. நாமாக இருந்தால் என்ன பண்ணுவோம்? 'நாலு வந்துருச்சா, சூப்பர், அப்போ எட்டு போடு, பத்து போடு' என்று விரட்டுவோம். எட்டாவதில் குதிரை சொதப்பும். அப்புறம் அன்றைக்குக் குதிரை மனசில் நிற்கப்போவது சொதப்பல் மட்டும்தான். இங்கே கடைசியா நடந்தது நல்லதாக இருக்கிறமாதிரி பார்த்து நிறுத்துகிறார்கள். நாளைக்கு வரும்போது குதிரைக்கும் ஆசையிருக்க வேண்டுமல்லவா?

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. 'நான் ஆறு மாசத்தில் கிட்டார் கத்துக்குவேன்' என்று நீங்கள் சபதம் போடலாம். கிட்டார் எதிர்த்துப் பேசாது. குதிரையேற்றத்தில் உங்கள் லட்சியத்தில் பாதி இன்னொரு உயிருக்குச் சொந்தம். அதுவும் ஐநூறு கிலோ உயிர். அதற்கு உங்கள் டைம்டேபிள் தெரியாது. 'செமஸ்டர் முடியறதுக்குள்ள இதை முடிச்சிடணும்' என்று அதனிடம் சொல்லிப் பாருங்கள்!

இனி, இந்தப் பள்ளியில் ஒருத்தர் எப்படிச் சேர்ந்து எப்படி மேலே வருகிறார் என்று கொஞ்சம் விலாவாரியாகப் பார்ப்போம். அசந்துபோவீர்கள்.

முதல் படி 'எலேவ்'. பிரெஞ்சில் மாணவன் என்று அர்த்தம். பள்ளிப்படிப்பை முடித்த டீன்ஏஜ் பசங்க வருகிறார்கள். வந்த உடனே குதிரை மேல் ஏறி ஸ்டைலாகப் போகலாம் என்றால் அதுதான் இல்லை. லாயத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். குதிரையைத் தேய்த்துவிட வேண்டும். சேணம், வார் எல்லாவற்றையும் துடைத்துப் பளபளவென்று வைக்க வேண்டும். மூத்தவர்கள் வருவதற்குள் அவர்களுடைய குதிரைகள் தயாராக நிற்க வேண்டும்.

பயிற்சி என்று ஆரம்பிப்பது நீளக் கயிற்றில். ஆசிரியர் நடுவில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பார். குதிரை அவரைச் சுற்றி வட்டமாக ஓடும். மேலே மாணவர். கையில் கடிவாளம் கிடையாது. காலுக்கு அங்கவடி கிடையாது. உட்கார வேண்டும், அவ்வளவுதான்! மாசக்கணக்கில் இதே வேலை. சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

"உட்கார்றதுக்கு ஒரு கோர்ஸாடா?" என்றான் நண்பன்.

ஆமாம். காரணம் குதிரையின் வாயில் இருக்கிறது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே குதிரைக்குப் பல் இல்லாத ஒரு இடைவெளி உண்டு. வெறும் ஈறு. கடிவாளத்தின் இரும்பு போய் உட்காருவது அங்கேதான். புதுசாக ஏறுகிற ஆள் என்ன பண்ணுவான்? ஆட்டம் கண்டதும் கையில் இருப்பதைப் பிடித்துத் தொங்குவான். பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் நாம் கம்பியைப் பிடிக்கிற மாதிரி. ஆனால் இங்கே கம்பி என்பது ஒரு ஜீவனின் வாய். ஒவ்வொரு தடுமாற்றமும் அதற்கு ஒரு இழுப்பு, ஒரு வலி. வலித்த குதிரை தலையைத் தூக்கும், முதுகை இறுக்கும். இறுகிய முதுகில் இன்னும் ஆடுவோம். இன்னும் இழுப்போம். முடிஞ்சது கதை.

அதனால்தான் இந்த ஏற்பாடு. பிடிக்க எதுவும் இல்லாமலே விழாமல் உட்காரப் பழகின பிறகுதான் கடிவாளம் கைக்கு வரும். அது வந்த பிறகு கை சும்மா இருக்கும், பேசுவதற்கு மட்டும் பயன்படும். ஒரு ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்த்துக்கொள்ளும் பிராணி குதிரை. உங்கள் உடம்பு எடை அரை இஞ்ச் இப்படி அப்படிப் போனாலும் அதற்குத் தெரியும். மூலையில் அந்த மனிதர் அசையாமல் உட்கார்ந்து பேசினாரே, அதன் ரகசியம் இந்தக் கயிற்று வட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது.

யார் கற்றுத்தருகிறார்கள் என்பது இன்னும் சுவாரஸ்யம். இங்கே ஒரு எழுதாத சட்டம் உண்டு. சின்ன ஆளுக்குப் பெரிய குதிரை, சின்னக் குதிரைக்குப் பெரிய ஆள். அதாவது ஒண்ணுமே தெரியாத மாணவனைக் கரை கண்ட கிழட்டுக் குதிரையின் மேல் உட்கார வைப்பார்கள். இருபது வயசைத் தாண்டிய இந்தக் குதிரைகளை 'புரொஃபஸர்' என்றே கூப்பிடுகிறார்கள். நீங்கள் சரியாகக் கேட்டால் செய்யும். தப்பாகக் கேட்டால் ஒன்றும் புரியாத மாதிரி அப்படியே போய்க்கொண்டிருக்கும். திட்டாது, மார்க் போடாது, வீட்டுக்கு லெட்டர் அனுப்பாது. இந்த மாதிரி புரொஃபஸர் நமக்கு ஏன் வாய்க்கவில்லை?

இப்படி நாலிலிருந்து ஆறு வருஷம் ஓடும். தேறினால் அடுத்த படி. 'பெரைட்டர்' என்ற முழுநேரக் குதிரை வீரர் பதவிக்கான உம்மீதுவார் மாதிரி ஒரு நிலை. இப்போதுதான் உண்மையான லட்சியம் கையில் கொடுக்கப்படுகிறது. ஒரே ஒரு லட்சியம். அது நாலு காலில் நிற்கும். ஒரு இளங்குதிரையைக் கொடுத்து, 'இதை நீயே ஆரம்பத்திலிருந்து பழக்கி, உச்சகட்டப் பயிற்சி வரை கொண்டுவா, சபையில் செய்து காட்டு' என்பார்கள். அது முடிந்தால்தான் அவர் பெரைட்டர். அதற்குப் பல வருஷம். மொத்தத்தில் வாசலில் நுழைந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு வருஷம்! பதினாறில் வந்த பையனுக்கு அப்போது இருபத்தெட்டு.

அத்தனை பேரும் தேறிவிடுவதில்லை. இடையில் வெளியேறுகிறவர்களும் உண்டு. வாலிபத்தில் பாதியைக் கொடுத்துவிட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் போகிற வாய்ப்பும் இதில் சேர்ந்தே இருக்கிறது. இதை எழுதும்போது அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பசங்களின் அப்பாக்களும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணத்தானே செய்வார்கள்?

கொடுக்கப்படுகிற குதிரையின் கதையையும் கேளுங்கள். இவை பிறப்பது ஆஸ்திரியாவின் ஸ்டீரியா மாநிலத்தில், பீபர் என்ற ஊர்ப் பண்ணையில். 1920-லிருந்து அங்கேதான் வளர்க்கிறார்கள். அதற்கு முன்னால் 1580-ல் தொடங்கிய லிப்பிசா பண்ணைதான் தாய்வீடு. இன்றைக்கு அந்த ஊர் ஸ்லோவேனியாவில் இருக்கிறது. இனத்தின் பேரும் அந்த ஊரிலிருந்து வந்ததுதான். பிறக்கும்போது குட்டி கன்னங்கரேல் அல்லது பழுப்பு. வெள்ளை ஆவதற்கு ஆறு முதல் பத்து வருஷம் ஆகும். எப்போதாவது ஒன்று கடைசி வரை வெளுக்காமல் பழுப்பாகவே நின்றுவிடும். அதிர்ஷ்டம் என்று சொல்லி அப்படி ஒன்றையாவது வியன்னா லாயத்தில் வைத்திருப்பார்கள். சின்ன வயசில் மலை மேய்ச்சலில் ஓடி விளையாடிவிட்டு, சுமார் நாலு வயசில்தான் வியன்னா வருகின்றன. 'எல்.கே.ஜி. அட்மிஷன் போயிடுமே' என்ற பதற்றமெல்லாம் அங்கே இல்லை.

முதல் கட்டத்தில் குதிரைக்குச் சொல்லித்தருவது ஒன்றுதான்: மேலே ஆள் இருக்கும்போது நேராக, சுதந்திரமாக முன்னால் போ. அடுத்த கட்டத்தில் வளைவு, திருப்பம், பக்கவாட்டு நடை. அதற்கும் பிறகுதான் 'உயர்பள்ளி' என்று சொல்லப்படும் பியாஃப், பசாஜ் எல்லாம். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் குதிரையேற்றத்தில் இதற்கு ஒரு படிக்கட்டே இருக்கிறது. முதலில் தாளம். அப்புறம் உடம்பும் மனசும் இறுக்கமில்லாமல் இருப்பது. அதற்குப் பிறகு கடிவாளத்தோடு மென்மையான தொடர்பு. பின்பு உந்துவிசை, நேர்த்தன்மை. எல்லாவற்றுக்கும் கடைசியில் எடையைப் பின்னங்காலுக்கு மாற்றி உடம்பைத் திரட்டுவது. மேலே ஏதாவது கோளாறு என்றால் கீழே இறங்கி வந்து சரிபார்ப்பார்கள். அன்றைக்கு மூலையில் ஆறாவது அடி தப்பியதும் அவர் ஒரு சுற்று நடக்க வைத்தாரே, அது இதுதான். தாளம் போச்சு, முதல் படிக்கு வா.

படிக்கட்டின் உச்சிக்கு மேல் இன்னொரு மாடி உண்டு. 'தரைக்கு மேலே' செய்கிற வித்தைகள். லெவாட் என்றால் பின்னங்காலை மடக்கி, முன்னங்காலைத் தூக்கிச் சிலை மாதிரி நிற்பது. கூர்பெட் என்றால் அதே நிலையில் பின்னங்காலால் தத்தித் தத்திப் போவது. கப்ரியோல் என்றால் நாலு காலும் காற்றில் இருக்கும்போது பின்னங்காலைப் படாரென்று உதைப்பது. அன்றைக்குக் கடைசியில் ஒரு குதிரை கப்ரியோல் போட்டது. பக்கத்தில் நண்பன் எழுந்தே நின்றுவிட்டான்!

எந்தக் குதிரைக்கு எது வரும் என்று வீரர் முடிவு செய்ய முடியாது என்பதுதான் இதில் விசேஷம். வருஷக்கணக்கில் கூடவே இருந்து பார்ப்பார்கள். ஒன்றுக்கு லெவாட் இயல்பாக வரும். இன்னொன்றுக்குத் துள்ளல் வரும். பெரும்பாலானவற்றுக்கு இந்த மாடி வித்தைகள் வராது. வராவிட்டால் பரவாயில்லை என்று மற்றதில் மெருகேற்றுவார்கள். 'என் குதிரை கப்ரியோல் போட்டே ஆகணும்' என்று ஒருத்தர் லட்சியம் வைத்தால் அது லட்சியமில்லை, வீம்பு.

பயிற்சி முடிந்து வெளியே வந்தோம். லாயம் எதிர்ப்பக்கம். 'ஸ்டால்பர்க்' என்ற பழைய கட்டடம். மூன்று மாடி, வளைவு வளைவாகத் தாழ்வாரம். குதிரைகள் தெருவைக் கடந்துதான் போக வேண்டும். அவை கடக்கும்போது ஜனங்கள் ஓரமாக நிற்கிறார்கள். வாகனங்களும் நிற்கின்றன. ஒரு வெள்ளைக் குதிரை ஏதோ சொந்த வீட்டு ஹாலில் நடப்பதுபோல நடந்துபோனது.

இந்தத் தெருவுக்குச் சில கதைகள் உண்டு. 1992 நவம்பரில் அரண்மனையின் ஒரு பகுதி தீப்பிடித்து எரிந்தது. நெருப்பு லாயத்துக்குப் பக்கம் வந்துவிட, ராத்திரியில் குதிரைகளை அவிழ்த்துக் கையில் பிடித்துப் பக்கத்துப் பூங்காவுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். அதைவிடப் பெரிய கண்டம் 1945-ல். குண்டுவீச்சுக்குப் பயந்து, பள்ளியின் இயக்குநர் அலோய்ஸ் போடாய்ஸ்கி குதிரைகளை நகரத்தை விட்டே வெளியே கொண்டுபோனார். மேல் ஆஸ்திரியாவில் ஒரு கிராமம். போர் முடிகிற நேரம், மே 7. வந்து நிற்பது அமெரிக்கத் தளபதி ஜெனரல் பாட்டன். அவர் முன்னால் ஒரு நிகழ்ச்சி நடத்திவிட்டு, நேராகப் போய் 'இந்தக் குதிரைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும்' என்று கேட்டார் போடாய்ஸ்கி. பாட்டனும் குதிரை ஆசாமிதான், 1912 ஒலிம்பிக்கில் மாடர்ன் பென்டாத்லான் ஆடியவர். சம்மதித்தார். பள்ளி திரும்பவும் இந்த மண்டபத்துக்கு வந்து சேர 1955 ஆனது. அதாவது, வீடு திரும்புவதற்கே பத்து வருஷம்.

இதே போடாய்ஸ்கி 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் போட்டியில் வெண்கலம் வாங்கியவர். குதிரையின் பேர் நீரோ. லிப்பிசான் இல்லை.

எல்லாம் சரி, ஒரு விஷயத்தில் இந்தப் பள்ளியைப் பாராட்ட எனக்கு வாய் வரவில்லை. பெண்களுக்கு 2008 வரைக்கும் இங்கே இடமே கிடையாது! நானூறு வருஷத்துக்கு மேல் ஆம்பளை ராஜ்ஜியம். 'பாரம்பரியம்' என்று ஒரு வார்த்தை இருந்தால் எதை வேண்டுமானாலும் மூடிவைக்கலாம்போல. 2008-ல்தான் முதன்முறையாக இரண்டு பெண்கள் மாணவிகளாக உள்ளே நுழைந்தார்கள். அவர்களில் ஒருவரான ஹன்னா சைட்ல்ஹோஃபர் 2016-ல் முதல் பெண் பெரைட்டர் ஆனார். கணக்குப் போடுங்கள், எட்டு வருஷம். கயிற்று வட்டத்திலிருந்து அவருக்கும் ஆரம்பம் அதேதான், குதிரை லாயத்துச் சாணியும் அதேதான். அவர் மேல் உட்கார்ந்திருப்பது ஆணா பெண்ணா என்று குதிரை கேட்டிருக்குமா என்ன?

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு எதுக்கு என்று நினைத்தால், ஒரு சேதி. கொல்கத்தாவைச் சேர்ந்த அனுஷ் அகர்வாலா, டீன்ஏஜிலேயே வீட்டை விட்டு ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வாங்கியதே, அந்த நாலு பேரில் இவரும் ஒருத்தர். சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா மற்ற மூவர். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு ஆசியப் போட்டித் தங்கம் கிடைத்து அப்போது 41 வருஷம் ஆகியிருந்தது. தனிநபர் பிரிவில் அனுஷுக்கு வெண்கலமும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் பிரிவில் கலந்துகொண்ட முதல் இந்தியர் இவர்தான். அங்கே செய்துகாட்டுவது அதே பியாஃப், அதே பசாஜ்தான்.

நம்ம சென்னையில், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் என்.சி.சி.யின் குதிரைப் பிரிவு இருக்கிறது. கையில் காசில்லாத மாணவர்கள் குதிரை ஏற முடிகிற ரொம்பச் சில கதவுகளில் அது ஒன்று. உங்கள் ஊரில் அந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள். முதல் நாளே கடிவாளத்தைக் கையில் கொடுத்து 'ஓட்டு தம்பி' என்று சொல்கிற இடமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். உங்களுக்காக இல்லாவிட்டாலும் அந்த வாய்க்காக.

வியன்னா போகிற யோகம் வாய்த்தால் போகும் முன் பள்ளியின் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் பயிற்சி இருக்காது. குதிரைகளுக்கு லீவு உண்டு, ஹெல்டன்பெர்க் என்ற இடத்துக்குப் போய் ஓய்வெடுத்துவிட்டு வரும்! பயிற்சிக்குப் போனால் முன்வரிசைக்கு அடித்துக்கொள்ளாதீர்கள். மேலே மாடத்தில் நின்றால்தான் வட்டம் எப்படி விழுகிறது என்று தெரியும். ஒரு குதிரையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அது உள்ளே வருவதிலிருந்து சர்க்கரை வாங்கிக்கொண்டு வெளியே போவது வரை.

மத்தியானம் பக்கத்துக் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். வெளியே மெல்லிய மழை. நண்பன் அந்த நாலு அடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். "அஞ்சாவது கேட்டிருக்கலாம்ல மச்சான்? குதிரை குடுத்திருக்கும்ல?" என்றான். கொடுத்திருக்கலாம். "அப்ப ஏன் கேக்கலை?" அவனே கேட்டான், அவனே சும்மா இருந்தான்.

அப்போது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை. அப்பா.

"எப்பப்பா முடிப்பே?"

வழக்கமாக இந்த இடத்தில் அவன் 'அடுத்த டிசம்பர்ப்பா' என்பான். நாலு டிசம்பர் போயாச்சு. இன்றைக்கு என்னைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். "மூணாவது சாப்டர்ல ஒரு பகுதி சரியா நிக்க மாட்டேங்குதுப்பா. இந்த வாரம் அதை மட்டும் சரி பண்றேன்" என்றான்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நானும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"அது சரி," என்றார் அப்பா. "சாப்ட்டியா?"